முதுகில் தைத்த துணி

அந்த விமானத்தின் மூக்கில் ஒரு வாய் வரைந்திருந்தது. சிவப்பு நாக்கு, இரண்டு வரிசைப் பற்கள், அதற்கு மேலே உருட்டி விழிக்கும் ஒரு கண். மாமா அதை முதன்முதலில் பார்த்தபோது டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, புத்தகத்தை என் மடியிலிருந்து எடுத்து, இரண்டு கைகளாலும் தூரப் பிடித்துப் பார்த்தார்.

“இது நம்மூரு லாரிக்காரன் வேலையாட்டவே இருக்குதே, அம்முணி.”

மாமா என் அம்மாவின் தம்பி. சங்ககிரியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், குவைத்துக்கு வந்து டிரெய்லர் ஓட்டினார். அவருடைய விசாவில் ஆடு மேய்ப்பவர் என்று போட்டிருந்தது. ஃபஹாஹீலைத் தாண்டி ஒரு கேம்பில் அடுக்குக் கட்டிலில் படுத்து எழுந்து, வெள்ளிக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறி அப்பாசியாவில் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்துவிடுவார். அம்மா அன்றைக்குக் காலையிலேயே அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள். “மாப்ள வந்தாத்தான் இந்த வீட்டுல கறிக்கொழம்பு” என்று அப்பா சொல்வார். அப்பாவுக்கு ஒரு கம்பெனியில் கட்டடப் படம் வரையும் வேலை. சட்டையில் மடிப்பு கலையாத வேலை என்று மாமா அதைப் பற்றி மரியாதையாகச் சொல்வார்.

புத்தகத்தை அப்பா வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கியிருந்தார். ஊரைக் காலி செய்துகொண்டு போகிற குடும்பங்கள் விட்டுப்போனதெல்லாம் அந்தச் சந்தையில் தரையில் கிடக்கும். அட்டை இல்லாத, தடித்த, இரண்டாம் உலகப் போரின் விமானப் படங்கள் நிறைந்த ஆங்கிலப் புத்தகம். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். பொம்மைகளை விட்டுவிட்டு விமானங்களைப் பிடித்திருந்த வருஷம் அது. மாமாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. சாப்பாடு ஆனதும் நான் ஒரு பக்கம் படித்து அவருக்குத் தமிழில் சொல்வேன். அவர் பாயில் சாய்ந்துகொண்டு கேட்பார்.

வாய் வரைந்த விமானங்களுக்குச் சொந்தக்காரர்கள் அமெரிக்கர்கள். ஜப்பான் சீனாவுக்குள் படையோடு புகுந்து வருஷக்கணக்கில் ஊர் ஊராகக் குண்டு போட்டுக்கொண்டிருந்தது. எதிர்த்துப் பறக்கச் சீனாவிடம் விமானங்கள் அநேகமாக இல்லை. அமெரிக்கா அப்போது இன்னும் போரில் இறங்கவில்லை. அதனால் அந்த நாட்டு விமானிகள் சிலர் ராணுவ வேலையை விட்டு விலகி, ஏதோ ஒரு கம்பெனியில் சேர்வதாகக் கையெழுத்துப் போட்டு, கப்பலேறி பர்மாவுக்கு வந்து இறங்கினார்கள். பாஸ்போர்ட்டில் ஒருவர் விவசாயி, ஒருவர் மாணவர் என்று எழுதியிருந்தது.

“ஆடு மேய்க்கறவன்னு ஒருத்தனுக்கும் போடலியா?” என்றார் மாமா.

“இல்ல மாமா.”

“பாஸ்போர்ட்டுல ஒண்ணு, பாக்கற வேலை ஒண்ணு. அப்ப அவங்களும் நம்மளாட்டக் காண்ட்ராக்ட்டுக்காரங்கதான்.”

எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் வாலண்டியர்கள், யாரும் அனுப்பாமல் தாங்களாகவே போனவர்கள் என்று விளக்கினேன். அதெல்லாம் சரி, சம்பளம் எவ்வளவு என்று பார்த்துச் சொல் என்றார். தேடினேன். நல்ல சம்பளம்தான். அதுபோக, சுட்டு வீழ்த்துகிற ஒவ்வொரு எதிரி விமானத்துக்கும் தனியாகப் பணம் உண்டு என்று போட்டிருந்தது.

“பாரு, ஓவர்டைமும் இருந்திருக்குது” என்று அவர் திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆனாலும் அந்தக் கதை அவருக்குப் பிடித்துப்போனது. அடுத்த வெள்ளிக்கிழமை அவரே கேட்டார். எதிரி விமானம் வருவது தெரிந்ததும் மலைக்கிராமத்து ஆட்கள் டெலிபோனிலும் ரேடியோவிலும் ஊருக்கு ஊர் தகவல் சொல்லிவிடுவார்களாம். விமானிகள் முன்னதாகவே மேலே ஏறிக் காத்திருப்பார்களாம். செக்போஸ்ட்டில் ஆள் நின்றால் எதிரில் வருகிற வண்டிக்கு லைட்டைப் போட்டுக் காட்டுவோமே, அதே ஏற்பாடுதான் என்றார் மாமா. விமானத்தில் சுறாவின் வாயை வரைந்துகொண்டு ‘பறக்கும் புலிகள்’ என்று ஏன் பெயர் வாங்கினார்கள் என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை. சீனாக்காரர்கள் அன்பாக வைத்த பெயர் என்றேன். புலி கிலி என்று வெளியே போய்ச் சத்தமாகப் பேசாதே என்று அப்பா உள்ளேயிருந்து சொன்னார்.

எனக்கு மிகவும் பிடித்த பக்கம் வேறு. தினமும் குண்டுக்குப் பயந்து மலைக்கு ஓடிப்போகிற ஓர் ஊர். ஒருநாள் வழக்கம்போல ஓடிப்போய் நின்று திரும்பிப் பார்த்தால், வாய் வரைந்த விமானங்கள் எங்கிருந்தோ வந்து, குண்டு போட வந்தவர்களைப் புகையோடு துரத்திக்கொண்டு போகின்றன. மலை முழுக்க ஜனங்கள் நின்று பார்க்கிறார்கள். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படிப்பேன். வேறு நாட்டுக்காரன், வேறு பாஷைக்காரன், நமக்காக வந்துவிட்டான் என்பதைப் போலப் பெரிய விஷயம் உலகத்தில் இருக்கவே முடியாது என்று தோன்றும்.

சில வெள்ளிக்கிழமைகளில் மாமாவோடு அரியலூர் அங்கிளும் வருவார். மாமாவின் கம்பெனியில் இன்னொரு டிரெய்லர் ஓட்டியவர். அதிகம் பேசமாட்டார். வரும்போது முக்கு பேக்கரியில் சுடச்சுடக் குபூஸ் ரொட்டி வாங்கி, பழைய பேப்பரில் சுற்றி எடுத்துவருவார். அம்மா வைக்கிற ரசத்தை டம்ளரில் வாங்கி டீ மாதிரி குடிப்பார். ஊரில் அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள் என்பதால் என் பின்னலின் ரிப்பனைப் பார்த்து, இது எந்தக் கடையில் கிடைக்கும் என்று அம்மாவிடம் விசாரித்துக்கொள்வார்.

அந்தப் படத்தை அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்த்தார்கள். ஒரு விமானி நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். அவருடைய தோல் சட்டையின் முதுகில் ஒரு துணி தைத்திருக்கிறது. அதில் சீனக் கொடி, கீழே சீன எழுத்து. விமானம் விழுந்து இவர் எங்கேயாவது வயற்காட்டில் கிடந்தால், பார்க்கிறவர்கள் படிப்பதற்காக எழுதியது அது. ‘இந்த அந்நியர் போரில் சீனாவுக்கு உதவ வந்தவர். ராணுவத்தாரும் பொதுமக்களும் இவரைக் காப்பாற்ற வேண்டும்.’

மாமா வெகுநேரம் பார்த்துவிட்டு, “படிக்கத் தெரியாதவன் கையில மாட்டினா?” என்று கேட்டார்.

புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை.

பக்கத்து நாட்டில் சண்டை முடிந்துவிட்டது என்று டிவியில் சொன்ன பிறகுதான் அங்கே போகிற லாரிகள் அதிகமாயின. அமெரிக்க ராணுவ முகாம்களுக்கு அரிசி, தண்ணீர், கோழி, ஐஸ்கிரீம்கூடப் போனது. மாமாவின் கம்பெனிக்கும் அந்த வேலை கிடைத்தது. இரட்டைச் சம்பளம். போக மறுப்பவர்களுக்குக் கலாஸ், அதாவது வேலை முடிந்தது, ஊருக்கு டிக்கெட். போகிறவர்கள் சொந்த விருப்பத்தில்தான் எல்லையைத் தாண்டுகிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

அம்மா அன்று கறிக்குழம்பை இறக்கிவைத்துவிட்டுக் கரண்டியோடு ஹாலுக்கே வந்துவிட்டாள்.

“அப்படி என்னடா விருப்பம் உனக்கு, அந்தக் கொலைகாரத் திக்குல?”

“விருப்பமெல்லாம் ஒண்ணுமில்லீக்கா. ஊருக்குப் போறதுல விருப்பமில்ல, அவ்வளவுதான். பையன் இப்பத்தான் ஸ்கூலுக்குப் போறான். இப்பப் போய் வாசல்ல நின்னா என்னத்தைப் பண்றது?”

“மச்சான்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாமில்ல?”

அப்பா நாளிதழை மடித்தார். “மாப்ள, முன்னாடியும் பின்னாடியும் மிலிட்டரி வண்டி வருமா?”

“வருமுங்க. நடுவுலதான் நாங்க.”

“அப்ப உங்களைப் பாத்தாலும் மிலிட்டரியாத்தான் தெரியும்” என்றார் அப்பா. எனக்கு அது பெருமையான பேச்சாகப்பட்டது.

உண்மையில் அந்த அறையில் சந்தோஷமாக இருந்தது நான் ஒருத்திதான். சொந்த விருப்பம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றால் என் மாமா வாலண்டியர். வேறு நாட்டில் கஷ்டப்படுகிறவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகப் போகிறார். புத்தகத்தில் வந்தவர்களுக்கும் இவருக்கும் ஒரே வித்தியாசம், இவருடைய வண்டி பறக்காது. ஆகவே இவருக்கும் முதுகில் ஒரு துணி வேண்டும்.

தலையணை உறைக்கு வாங்கி மிச்சமிருந்த வெள்ளைத் துணியை அம்மாவிடம் கேட்டு வாங்கினேன். மேலே தேசியக் கொடி வரைந்தேன். சக்கரத்தின் ஆரங்களைக் காம்பஸ் வைத்துப் போட்டேன். எழுத வேண்டியதை எங்கள் பள்ளியில் அரபி சொல்லிக்கொடுத்த மிஸ்ஸிடம் கேட்டேன். அவர் எகிப்துக்காரர், கனத்த உடம்பு, மெல்லிய குரல், வகுப்பில் யாரையும் திட்டாதவர். எனக்குத் தெரிந்த அரபியில் நானே இரண்டு வரி எழுதிக்கொண்டு போயிருந்தேன். ‘இவர் உதவி செய்ய வந்தவர். இவரைக் காப்பாற்றுங்கள்.’

“யாருக்கு உதவி?” என்று மிஸ் கேட்டார்.

அமெரிக்க ராணுவத்துக்கு என் மாமா சாப்பாடு கொண்டுபோகப் போகிறார் என்று சொன்னேன். எல்லையைத் தாண்டி என்றும் சொன்னேன்.

மிஸ் என் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் முதல் வரியை அடித்தார். ஒரு கோடு போட்டு அடித்தது போதாமல், எழுத்தே தெரியாதபடி மை வைத்து மூடினார். கீழே வேறு எழுதினார். ‘இவர் இந்தியர். ஏழை ஓட்டுநர். ஒரு சிறு மகனுக்குத் தகப்பன். இவருக்கு யாரோடும் பகை இல்லை. அல்லாஹ்வுக்காக இவரை விட்டுவிடுங்கள்.’ மாமாவுக்குக் குழந்தைகள் உண்டா என்று என்னிடம் கேட்டு, அதற்குப் பிறகுதான் மகனைச் சேர்த்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் மாமா வாலண்டியர், அவரை ஏழை என்று மிஸ் எழுதிவிட்டார். புத்தகத்தில் இருந்தவர் முதுகில் வீரனுக்கான வாசகம். என் மாமா முதுகில் மசூதி வாசலில் கை நீட்டுகிறவருக்கான வாசகம்.

“மிஸ், நீங்களே துணியில அழகா எழுதிக் கொடுத்துடுங்களேன்” என்றேன், எழுத்தாவது அழகாக இருக்கட்டும் என்று.

“வேண்டாம், கண்ணே. உன் கையெழுத்துதான் வேண்டும். உன் வயசுப் பிள்ளை எழுதியது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும்.”

அதுவும் எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. கோணல்மாணலான எழுத்தை யார் மதிப்பார்கள்? இருந்தாலும் வீட்டுக்கு வந்து, உதட்டைப் பிதுக்கிக்கொண்டே, பார்த்து எழுதி முடித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா அதை மாமாவின் நீலச் சட்டையில் தைத்தாள். வெளியே வேண்டாம், கம்பெனியில் சிரிப்பார்கள் என்று மாமா சொன்னதால் உள்பக்கமாக முதுகில் தைத்தாள். நான்கு பக்கமும் தைத்த பிறகு குறுக்கேயும் தைத்தாள். ஊசியை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு தைத்தாள். அரியலூர் அங்கிளுக்கும் ஒன்று செய்து தரட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம் பாப்பா,” என்று சிரித்தார். “எனக்கே படிக்கத் தெரியாத எழுத்த முதுகுல ஒட்டிக்கிட்டு எப்படித் தூங்குறது? அதுல என்னைய வையிறியா வாழ்த்துறியான்னுகூடத் தெரியாது. நான் உங்க மாமா வண்டிக்குப் பின்னாடியேதான் வருவேன். அவரு முதுகைப் பாத்தாப் போதும்.”

அந்த வாரம் அவர்கள் அப்தலி எல்லையைத் தாண்டிப் போனார்கள். மாமா நல்லபடியாகப் போய்விட்டுத் திரும்பினார். பிறகு இன்னொரு தடவை. திரும்பி வந்தபோது ராணுவத்துப் பிஸ்கட் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். மூன்றாவது பயணம் கிளம்பிப் போனவர் ஒரு வெள்ளிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை.

வண்டி வழியில் ரிப்பேர் என்று எனக்குச் சொன்னார்கள். நான் நம்பினேன். டிரெய்லர் பெரிய வண்டி; ரிப்பேரும் பெரிதாகத்தானே இருக்கும். நான் ஹாலுக்குள் நுழைந்தால் டிவி அணைந்தது. அப்பா ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு எங்கெங்கோ போய்வந்தார். சங்ககிரியிலிருந்து போன் வந்தால் அம்மா குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு பேசினாள். வீட்டில் கறிக்குழம்பு வைக்கவில்லை. அரபி மிஸ் மட்டும் தினமும் வகுப்பு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, “உன் மாமா வந்துவிட்டாரா?” என்று கேட்பார். வண்டி ரிப்பேர் மிஸ் என்பேன். வகுப்பில் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கிறார் என்பதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஒருநாள் அவர் என் தலையில் கைவைத்து ஏதோ முணுமுணுத்தார். என் இலக்கணம் தேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா திரும்பி வந்த அன்று நான் பள்ளியில் இருந்தேன். வீட்டுக்கு வந்தால் ஹாலில் யாரோ ஒரு மெலிந்த ஆள் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் புதிதாகச் சவரம் செய்த இடம் வெளுப்பாகவும் மற்ற இடம் கறுத்தும் இருந்தன. “அம்முணி” என்று கூப்பிட்ட பிறகுதான் அவர் என்று தெரிந்தது.

நடுவழியில் துப்பாக்கிக்காரர்கள் வண்டிகளை மறித்துப் பிடித்து, மாமாவை ஒரு மண் வீட்டில் அடைத்துவைத்திருந்து கடைசியில் விட்டுவிட்டார்கள். அவருக்குப் பின்னாலேயே வந்த அரியலூர் அங்கிளை விடவில்லை. அவர் உயிரோடு இல்லை என்பது வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதை எனக்குச் சொல்லக் கூடாது என்று பேசிவைத்திருந்தார்கள். மாமாவைத் துப்பாக்கிக்காரர்கள் பிடித்தார்கள் என்பதையே அன்று சாயங்காலம்தான் எனக்குச் சொன்னார்கள். நான் பயப்படவில்லை. புத்தகத்தில் வருவது போல நம் வீட்டிலும் ஒன்று நடந்துவிட்டது என்று எனக்கு உடம்பெல்லாம் துடித்தது.

“துணியப் படிச்சாங்களா மாமா?”

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

“படிச்சாங்க” என்றார். “சட்டையக் கழட்டச் சொன்னாங்க. கழட்டினா உள்ள அது இருந்துச்சு. ஒரு பையன், மீசைகூட முளைக்கல, அவன்தான் சத்தமாப் படிச்சான். யாரு எழுதினதுன்னு கேட்டான். என்ற அக்கா மவளுன்னு சொன்னேன். எத்தனாவது படிக்கறாள்னு கேட்டான். அஞ்சாவதுன்னேன்.”

“அப்புறம்?”

“புள்ளி ஒண்ணு விட்டுப்போச்சாம். மகன்கற வார்த்தையில. பேனா கேட்டு வாங்கி அவனே அந்தப் புள்ளிய வெச்சான்.”

“அதனாலதான் விட்டாங்களா?”

மாமா மறுபடியும் அம்மாவைப் பார்த்தார். “ஆமா அம்முணி. உன்ற துணிதான் காப்பாத்துச்சு.”

நான் எழுந்து நின்று கை தட்டினேன். மிஸ்ஸிடம் சொல்ல வேண்டும், வகுப்பில் சொல்ல வேண்டும். புள்ளி விட்டதை மட்டும் சொல்ல வேண்டியதில்லை. பிறகுதான் ஞாபகம் வந்தது.

“அரியலூர் அங்கிள்?”

அம்மா வாசலிலிருந்து ஓரடி ஹாலுக்குள் வந்தாள். அப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், ஹோம்வொர்க் இல்லையா என்றார்.

“அவன் அங்கதான் இருக்கறான் அம்முணி” என்றார் மாமா.

“அவருக்குத்தான் துணியே இல்லையே! நான் அப்பவே கேட்டேன், வேண்டாம்னுட்டாரு.” எனக்கு அவர் மேல் சின்னக் கோபம்கூட வந்தது. உள்ளே ஓடிப்போய் மீதித் துணியையும் பேனாவையும் எடுத்துவந்து மாமாவின் முன்னால் பரப்பினேன். “இப்ப எழுதித் தர்றேன். யாராவது அந்தப் பக்கம் போற டிரைவர்கிட்டக் குடுத்து அனுப்புங்க மாமா. அவங்க படிச்சுட்டு விட்டுருவாங்க.”

அம்மா, “ஏய், எந்திரி” என்றாள். மாமா அவளை நோக்கிக் கையை உயர்த்தி, வேண்டாம் என்பது போல ஆட்டினார்.

“அவருக்கு எத்தனை பசங்க மாமா? அதையும் எழுதணும்.”

“ரெண்டு” என்றார். “ரெண்டும் பொண்ணு.”

அரபியில் ஒன்றுக்கு ஒரு சொல், பலவற்றுக்கு ஒரு சொல், இரண்டே இரண்டு என்றால் அதற்குத் தனியாக ஒரு சொல். பலரும் அதில்தான் தப்பு விடுவார்கள். நான் விடவில்லை. நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, கொடியும் சக்கரமும் போட்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் மேலேயும் கீழேயும் வைக்க வேண்டிய புள்ளிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்து வைத்தேன். அவ்வளவு நேரமும் மாமா பாயை விட்டு அசையாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அரபி எழுதப் படிக்கத் தெரியாதவர், என்னவோ தெரிந்தவரைப் போலப் பார்த்தார்.

எழுதி முடித்துக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டார். மை காயாமல் மடித்தால் கலைந்துவிடும் என்று நான் சொன்னேன். அவர் மடிக்கவில்லை. இரண்டு கைகளிலும் விரித்துப் பிடித்தபடியே, “சரி, அவன்கிட்டக் குடுத்தர்றேன்” என்றார். பிறகு அவருடைய தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். அப்பா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

இந்தத் தடவை ஒரு புள்ளிகூடத் தப்பாமல் எழுதிவிட்டேன், அதைப் பார்த்துத்தான் மாமா அழுகிறார் என்று நான் நினைத்தேன்.